நாற்பதாம் பக்கத்துக் கண்கள்

ஊரப்பாக்கம் வருவதற்குள் வலது செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்து மண்ணில் நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல் மெஸ்ஸை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மதியப் பந்தியில் சாம்பார் ஊற்ற வேண்டிய ஆள் நான்தான். இந்நேரம் வேறு யாரோ ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

மின்சார ரயிலில் போயிருந்தால் தாம்பரம் அரை மணி நேரம். ஆனால் நான் ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய அரை மணி நேரம் போதாது என்று தோன்றியது. அதனால் நடந்தேன். நடப்பது எனக்குப் பழக்கம்.

காலையில் காய் நறுக்கி முடித்த பிறகு லைப்ரரி அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன். தாம்பரத்தில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடை வைத்திருப்பவர். முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பின்பக்கம் புத்தகங்கள். ஒன்றரை வருடம் கழித்து என் குரலைக் கேட்டார்.

"இன்னாபா, உயிரோடதான் கீறியா?"

"இருக்கேண்ணா. புதுசா பேய்க்கதை ஏதாவது வந்துதா?"

"வந்து இன்னா பண்றது? நீயும் ஓடிப் பூட்ட, டீச்சரும் பேய வுட்டுட்டாங்க."

"டீச்சர் வரதில்லையா?"

"வராங்க. சனிக்கிழமையானா டாண்ணு வந்துடுவாங்க. சமையல் பொஸ்தகம், பூச்செடி வளக்குற பொஸ்தகம், இப்டி எட்த்துனு போறாங்க. ஏம்மான்னு கேட்டா, படிச்சது எதுவும் தலையில நிக்கலண்ணா, படிச்சு என்ன பிரயோஜனம்ன்றாங்க. ஏதோ ஒரு பொஸ்தகத்துல அவங்க குறி இருந்துச்சாம். ஆனா ரெண்டு பக்கம் பொரட்டிப் பாத்தும் அத்தப் படிச்ச ஞாபகமே வரலியாம். தலைய ஸ்கேன் எட்த்துப் பாத்தாங்கபா. அவங்கம்மாக்கு வந்தது தனக்கும் வந்துடுச்சோன்னு பயம்."

"எந்தப் பொஸ்தகம்ணா?"

"யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். போனை வைத்தேன். அன்று சனிக்கிழமை. மெஸ் சூப்பர்வைசரிடம் போய், கிளம்புகிறேன் என்றேன்.

"சாம்பார யாரு ஊத்துவா, உங்க மாமனாரா?" என்றார். பையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வேலையில் ஆட்கள் இப்படிப் போவது புதிதில்லை.

வாடகை நூலகத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இந்தக் குறி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாக்கெட் நாவல்கள் நூறு கை மாறி வருபவை. அட்டை கிழிந்திருக்கும், முதல் தாள் போயிருக்கும், பழைய கதையே புதுப் பெயரில் மறுபடி வந்திருக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு படிக்கிறவர்களுக்கு எது படித்தது, எது படிக்காதது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு குறி. படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தில் பென்சிலால் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். குறி இருந்தால் திரும்ப அலமாரிக்கு. அண்ணன் 'கிறுக்காதீர்கள்' என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அவர் வீட்டுக் குறி ஏழாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் அடையாளம்.

என்னுடையது ஐம்பத்திரண்டாம் பக்கத்து எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. டீச்சருடையது நாற்பதாம் பக்கம். நாற்பதில் இருக்கும் பூஜ்யத்துக்குள் இரண்டு சிறிய புள்ளிகள் வைப்பார். பூஜ்யம் முகமாகி நம்மைப் பார்க்கும். வேறெதுவும் வரைய மாட்டார், வாய் கூடக் கிடையாது. வாய் போட்டால் சிரிப்பு வந்துவிடும் என்பார்.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். பெரிய காரணம் இல்லை, வீட்டில் வேலைக்குப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. லாரியில் கிளீனர், சென்டரிங் வேலை, கல்யாணப் பந்தியில் பரிமாறுவது, கட்டி முடிக்காத அப்பார்ட்மென்டுக்குக் காவல். அந்தக் காவல் வேலையில்தான் யாரோ விட்டுப்போன ஒரு பேய்க்கதை கிடைத்தது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அப்படிப் படித்ததாலோ என்னவோ, கதவு திறப்பதற்கே அரைப் பக்கம் ஆனது. அவ்வளவு பயந்தேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சாப்பாட்டுக் கடை, அடுத்தது புத்தகக் கடை.

நல்ல பேய்க்கதை எது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து படியுங்கள். அப்போதும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றினால் அது நல்ல கதை. மந்திரவாதி வருகிற கதையை நான் சொல்ல மாட்டேன். அவன் எலுமிச்சம்பழத்தோடு வந்த பக்கத்தில் பயம் போய்விடும், பிறகு மிச்சமிருப்பது பஞ்சாயத்துதான். முதல் பக்கத்திலேயே ஓலமிடுகிற கதையும் வேண்டாம். வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போகிற கதையாகப் பாருங்கள். அதில்தான் வரும்.

பெயர் சொல்லிச் சிபாரிசு செய்ய எனக்கு வழியில்லை. நான் படித்தவற்றில் பாதிக்கு அட்டை கிடையாது. கதையைச் சொல்கிறேன், கிடைத்தால் படியுங்கள். ஒரு வாடகை வீடு, நான்கு பேர். ஆனால் கரண்ட் மீட்டர் மாதாமாதம் ஐந்து பேருக்கு ஓடுகிறது. கடைசிவரை அந்த ஐந்தாவது ஆள் வரவே மாட்டார், வாசலில் செருப்பு மட்டும் இடம் மாறும். இன்னொன்று, ஒரு தையல்காரர். ஒரு பெண் மாதம் ஒருமுறை அளவு ரவிக்கை கொண்டுவந்து, இதே அளவில் தைத்துத் தாருங்கள் என்பாள். ஒவ்வொரு மாதமும் அந்த அளவு ரவிக்கை சின்னதாகிக்கொண்டே வரும். ஒரு மாதம் கைக்குழந்தைச் சட்டை அளவில் கொண்டுவந்து நீட்டுவாள். அதற்கடுத்த மாதம் என்ன கொண்டுவந்தாள் என்பதுதான் கதை. இன்றைக்கும் தையல் கடை வழியாகப் போனால் நான் உள்ளே பார்ப்பதில்லை.

இந்தத் தையல்காரர் கதையை எனக்குச் சொன்னவர் டீச்சர். அண்ணன் அவரை டீச்சர் என்பார், நானும் அப்படியே கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார், இரும்புலியூரில் வீடு. அம்மாவும் அவரும் மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் குடையோடு வருவார்.

"ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல பிசாச விரட்டுறேன், சனிக்கிழமை நானே பைல போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று முதல் நாள் சொன்னார். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எந்த வேலையிலும் நான் ஓவர்டைம் பார்க்கவில்லை.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பேசுவோம். இருபது நிமிடம், கூடினால் அரை மணி. பேய்க்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"சும்மா வந்து பயமுறுத்திட்டுப் போனா அது பேய் இல்ல, பக்கத்து வீட்டுப் பையன்" என்பார். நான் ஒரு கதை நன்றாக இருக்கிறது என்றால், "பேய்க்கு என்ன வேலை?" என்றுதான் முதலில் கேட்பார். அதை யோசித்துக்கொண்டே நான் வாரம் முழுவதும் கம்பி கட்டுவேன். என்னிடம் அதுவரை யாரும், ஒரு விஷயத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை.

அவர் அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டிருந்தது. மகளை அடையாளம் தெரியாது. பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தால், யாரும்மா நீங்க என்று கேட்பார்களாம். "முதல்ல அழுதேன். இப்பல்லாம் தினம் ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு நர்ஸ்னு சொன்னேன். நேத்து ரேஷன் கடைலருந்து வரேன்னேன். சர்க்கரை எப்ப போடுவீங்கன்னு கேட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தேன்.

அம்மா இறந்து ஒரு மாதம் டீச்சர் வரவில்லை. அந்த மாதம்தான் அண்ணன் மதுராந்தகத்திலிருந்து பழைய கட்டு ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒரு புத்தகம், அட்டையும் முதல் தாளும் இல்லை. அண்ணன் காக்கித்தாள் ஒட்டி, பேய் 212 என்று எழுதினார். அதைத் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். நடுப்பகல். எத்தனை ரயில் போனது என்று தெரியாது.

கதை இதுதான். ஞாபகம் போன அம்மா, வேலைக்குப் போகும் மகள். அம்மா தினமும் யார் நீ என்று கேட்கிறாள். மகள் தினமும் ஒரு பொய் சொல்கிறாள், ஒருநாள் தபால்காரி, ஒருநாள் பால்காரி. ஒரு நாள் மகள் உள்ளே வருகிறாள். அம்மாவின் முகம் மலர்கிறது. மகளின் பெயரைச் சொல்லி, வந்துட்டியாடி கண்ணு என்று கையை நீட்டுகிறாள். ஆனால் பார்ப்பது மகளை இல்லை, மகளுக்குப் பின்னால் கதவருகே நிற்கும் ஒருத்தியை. அதோடு பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது. மீதியை நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிக்க வேண்டும்.

நான் படித்ததிலேயே பெரிய கதை அது. படித்ததும் முதலில் தோன்றியது, டீச்சர் இதைப் படித்துவிட்டு என்ன சொல்வார் என்பது. அந்தப் பேய்க்கு வேலை இருந்தது. அடுத்த நிமிடமே, இதை அவர் படிக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அவர் வருவார் என்று அண்ணன் சொன்னார். புத்தகத்தை நானே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எத்தனை வாரம்? கடையில் ஒருநாள் கண்ணில் படும். நாற்பதாம் பக்கத்தைத் திறந்தேன். கல்லாவில் நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்து, பூஜ்யத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தேன். குறியைப் பார்த்தால் அலமாரியிலேயே வைத்துவிடுவார். யாருக்கும் கஷ்டமில்லை. அவ்வளவுதான் யோசித்தேன்.

சனிக்கிழமைக்கு முன்பே ஓசூருக்கு ஒரு லாரி போனது. கிளீனர் வரவில்லை என்றார்கள். அண்ணனிடம் மட்டும் ஓசூர் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியான பதில் தெரியாது. ஓர் இடத்தில் யாராவது எனக்காகக் காத்திருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தால் எனக்குக் கால் நிற்பதில்லை. ஓசூரில் கம்பெனி கேன்டீன், ஸ்ரீபெரும்புதூரில் செக்யூரிட்டி, பிறகு காட்டாங்குளத்தூர். போனில் பேய்க்கதை படித்துக் காட்டும் சேனல்கள் நிறைய வந்துவிட்டன. பின்னணியில் காற்றும் நாயும் ஊளையிடும். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். எழுந்தால், இதைப் பற்றி டீச்சர் என்ன சொல்லியிருப்பார் என்று நானே ஒரு பதில் சொல்லிப் பார்ப்பேன். அவர் குரலில் அது வராது. பேய் 212-ஐப் பற்றி இந்த ஒன்றரை வருடமும் யாரிடமும் பேசவில்லை. பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், அவரிடமிருந்துதான் அதை மறைத்திருந்தேன்.

வண்டலூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவர் செருப்பைத் தைத்துக் கொடுத்தார். பெருங்களத்தூரில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இரும்புலியூரில் அவர் தெரு முனை வந்தது. அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. நிற்காமல் நடந்தேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தயார் செய்திருந்தேன். மூன்றும் பொய் மாதிரி இருந்தது.

கடைக்குப் போனபோது நாலரை மணி. டீச்சர் ஏற்கெனவே வந்திருந்தார். கையில் ஊறுகாய் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம். முன்பைவிட இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உடனே சிரிக்கவில்லை. என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். நான்தானா என்று தன்னையே சோதித்துக்கொள்வது போல இருந்தது.

"பேய் சார்" என்றார், மெதுவாக. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"டீச்சர், அந்தப் பொஸ்தகத்துல இருந்த குறி நீங்க போட்டது இல்ல. நான் போட்டேன்."

தயார் செய்த மூன்றிலும் இது இல்லை. அண்ணன் ஜெராக்ஸ் மூடியைத் திறந்தபடியே நின்றார்.

"எந்தப் புத்தகம்?"

"இருநூத்திப் பன்னெண்டு. அதுல ஒரு அம்மா வராங்க. நீங்க படிக்க வேணாம்னு நெனச்சேன். குறி இருந்தா எடுக்க மாட்டீங்கன்னு."

"அடப்பாவி" என்றார் அண்ணன். "அந்தம்மா மிஷின்குள்ளல்லாம் போய்ப் படுத்துட்டு வந்துச்சுடா."

"இருங்கண்ணா" என்றார் டீச்சர்.

அவர் ஊறுகாய்ப் புத்தகத்தைக் கவுன்டரில் வைத்தார். கைப்பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எனக்குக் காட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

"என் கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. தினம் காலையில எழுந்ததும் முப்பத்தெட்டுப் பேர் பேரையும் பார்க்காம இதுல எழுதுவேன். எழுதி முடிச்சிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருநாள் ஒரு பேர் வரல. அன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்லயே உட்கார்ந்திருந்தேன். யோசிச்சா, அந்தப் பிள்ளை டிசி வாங்கிட்டுப் போயிட்டா."

நோட்டின் அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்க. டாக்டர் ஞாபகம்லாம் நல்லா இருக்குன்னார். அப்ப இந்த ரெண்டு கண்ணை யார் வெச்சான்னு அவர்கிட்ட எப்படிக் கேட்கிறது?"

"தப்புதான் டீச்சர்."

"அந்தப் புள்ளி கொஞ்சம் பெருசா இருந்துச்சு. நான் அவ்ளோ பெருசா வைக்க மாட்டேனேன்னு பார்த்தேன். அப்புறம், சரி, கையும் போக ஆரம்பிச்சிடுச்சு போலன்னு நினைச்சேன்." நோட்டைப் பைக்குள் போட்டார். "உங்களுக்கு என்ன பேய் சார், ஓசூர்ல நல்லா இருந்தீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. அண்ணன் உள்ளே போய் ஏதோ தேடுகிற மாதிரி சத்தம் செய்தார். நான் கவுன்டரில் தொங்கிய பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் நடந்தது இதற்குத்தான், திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். போக முடியவில்லை.

டீச்சர் நிமிர்ந்து, "நல்ல கதையா?" என்று கேட்டார்.

"நான் படிச்சதுலயே அதான் டீச்சர்."

"பேய்க்கு என்ன வேலை?"

வாயைத் திறந்தேன். "சொல்லாதீங்க" என்று கையைக் காட்டினார். "அண்ணா, அந்த இருநூத்திப் பன்னெண்டை எடுங்க."

அண்ணன் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் டீச்சர் என்றேன்.

"எங்கம்மா என்னை மறந்ததை நான் பார்த்துட்டேன். இனிமே புத்தகம் என்னத்தப் புதுசா காட்டிடப் போகுது?" என்றார். பையிலிருந்து அழிப்பான் ஒன்றை எடுத்தார், பிள்ளைகளிடம் வாங்கிவைத்தது போல் ஓரமெல்லாம் கடித்திருந்தது. நாற்பதாம் பக்கத்தைத் திறந்து என் கண்கள் இரண்டையும் அழித்தார். தாள் கசங்காமல், மெதுவாக. தூளை ஊதிவிட்டு, "படிச்சிட்டுக் கண்ணை நானே வெச்சிக்கிறேன்" என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கியவர் நின்றார்.

"அடுத்த சனிக்கிழமை இருப்பீங்களா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. இதைப் படிச்சிட்டு நான் யார்கிட்ட பேசறது?"

"இருப்பேன்" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை, நம்பினாரா என்றும் தெரியவில்லை. சந்தைக் கூட்டத்தில் குடை தெரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அவர் எத்தனையாவது பக்கத்தில் விளக்கைப் போடுவார் என்று கணக்குப் பார்த்தேன். அந்த அம்மா கை நீட்டுகிற இடத்தில் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிய வேண்டும் போல் இருந்தது. தெரிய வழியில்லை.

அன்றைக்கு அண்ணன் கடையிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். "அந்தப் பென்சில மட்டும் தொட்டே, கைய ஒட்ச்சுடுவேன்" என்றார்.

காலையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து டூ வீலர் ஸ்டாண்டில் ஆள் கேட்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். போனேன். ஸ்டாண்டை ஓர் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கன் கட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"காட்டாங்குளத்தூர்ல, ஹாஸ்டல் மெஸ்ல."

"ஏன் வுட்ட?"

"இங்க ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருந்தது."

"சொல்ட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப கெளம்பிடுவியா? நாலு நாள் நின்னுட்டு ஓட்றவன் எனக்கு வேணாம்பா. பேஜாராப் பூடுது."

"இல்லக்கா, இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு மணி நேரம் வெளிய போகணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். இரவு எடுக்காமல் விட்டுப்போன வண்டிகளின் சீட்டில் அன்றைய தேதியைப் போட வேண்டும், அதுதான் காலையில் முதல் வேலை என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகள் அதிகம் இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தேன்.